மேஜிக் கார்டு ஆட்டம்: எது முதலில் பலிக்கும்?

'மேஜிக்: த கேதரிங்' ஆடும்போது வரிசைக் குழப்பமா?

• நிலக் கார்டு தவிர, போடுவதெல்லாம் அடுக்காகச் சேரும். கடைசியில் போட்டதே முதலில் பலிக்கும்.

• எதிராளி தன் 2/2 உயிரிக்கு 'ஜயன்ட் க்ரோத்' (+3/+3) போட்டால், அது பலிக்குமுன் 'லைட்னிங் போல்ட்' போடுங்கள். 3 சேதத்தில் உயிரி சாகும், க்ரோத்தும் வீண். பலிக்கவிட்டால் 5/5 ஆகிவிடும்; போல்ட் போதாது.

• இருவரின் திறன்களும் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டால், யாருடைய முறையோ அவருடையது முதலில் அடுக்கில் ஏறும். ஆகவே மற்றவருடையதே முதலில் பலிக்கும்.

• அடுக்கில் ஏறிய திறன், அதைத் தந்த கார்டு அழிந்தாலும் நிற்கும்.

• பழைய கார்டா? அச்சான வாசகத்தை விட்டு, 'கேதரர்' தளத்தின் திருத்திய வாசகத்தைப் பாருங்கள்.

• போட்டியில் சந்தேகம் வந்தால், அடுத்த கார்டைத் தொடுமுன் நடுவரைக் கூப்பிடுங்கள்.