பத்துப் பேரை மறித்த ஐவர்

கேள்வி: எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். எதிரணி பந்தோடு வந்தால் மொத்தப் பேரும் பந்தின் மேலேயே போய் விழுகிறார்கள். சேர்ந்து தடுக்க எப்படிப் பழக்குவது?
- ஒரு வாசகர், திருவாலங்காடு

பதில்: பத்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், திட்டாதீர்கள். இருவர் இருவராக ஆரம்பியுங்கள். பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன் ஓடிப்போய் மறிக்கட்டும். காலை நீட்டிப் பிடுங்க வேண்டாம். சற்றே சாய்ந்து நின்று ஆளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கினால் போதும். அடுத்தவன் சில அடி பின்னால், கோல் பக்கமாக நின்று, "நான் இருக்கேன்டா, வெளியே தள்ளு" என்று கத்த வேண்டும். வாய் திறக்காத தடுப்பாட்டக்காரன் பாதி ஆள்தான்.

பிறகு நான்கு பேர். பந்து இடப்பக்கம் போனால் நால்வரும் கபடிச் சங்கிலி மாதிரி இடப்பக்கம் நகரணும். "அந்தப் பக்கம் காலியா இருக்கே சார்" என்பார்கள். இருக்கட்டும், பந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் திரும்பிவிடலாம்.

1989, 1990-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஏசி மிலன் பயிற்சியாளர் அரிகோ சாக்கி, கோல்கீப்பரோடு பரேசி, மால்தீனி உள்ளிட்ட தடுப்பாட்டக்காரர் நால்வரை மட்டும் நிறுத்தி, பத்துப் பேரை மோதவிடுவார். குல்லிட், வான் பாஸ்டன் போன்ற கோல் அடிக்கும் நட்சத்திரங்கள் இருந்தும் அந்தப் பத்துப் பேரால் கோல் போட முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பையன்களுக்கு நாலுக்கு ஆறு போதும். நால்வர் பயிற்சியின் முதல் வாரம் ஓட்டமே வேண்டாம். பந்தை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே நடங்கள், அவர்கள் சேர்ந்து நகரட்டும்.