புதுப் போன் வாங்கும் அம்மிணிக்கு

கிணத்துக்கடவு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுவது. வேலைக்குச் சேர்ந்து கைக்கு வந்த சம்பளத்தில் ஒரு புதிய ஸ்மார்ட்போன் வாங்க நீ உத்தேசித்திருப்பதாகவும், அதோடு கல்லூரி நாளிலிருந்து வைத்திருக்கும் எண்ணைத் தலைமுழுகிவிட்டு, சரவணம்பட்டி விடுதியில் உன் தோழிகள் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்களோ அதே நிறுவனத்தில் புதிய எண் ஒன்றை எடுத்துக்கொள்ளப் போவதாகவும் உன் அம்மா சொன்னாள். போன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. சம்பாதிப்பவள் நீ, தேர்ந்தெடுப்பதும் நீயாகத்தான் இருக்க வேண்டும். எண்ணைத் தலைமுழுகுவது என்ற செய்திதான் என்னை இந்தக் கடிதத்துக்கு உட்கார வைத்தது. பால் சொசைட்டிக்காரர் மேல் உள்ள வருத்தத்தில் மாட்டையே சந்தையில் விற்றுவிட்டு வருகிற மனிதரை நம் பக்கத்தில் நீ பார்த்திருக்கமாட்டாய். நிறுவனம் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணையே விட்டுவிடுகிறவர்கள் மட்டும் படித்தவர்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் தொலைபேசித் துறையில் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் லைன்மேன் கம்பி இழுத்துக்கொண்டு வந்து நின்ற நாளை வீட்டு விசேஷம்போலக் கொண்டாடிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் காலத்தில் எண் வீட்டுக்கோ கடைக்கோ உரியதாக இருந்தது. வீடு மாறினால் எண்ணும் பெரும்பாலும் மாறும், அதனால் பெரிய நஷ்டம் எதுவும் யாருக்கும் நேர்ந்ததில்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி இந்தியாவில் செல்போன் சேவையைத் தொடங்கிவைத்ததற்குப் பிறகும், சில ஆண்டுகள் வரை, அது வசதி படைத்தவர்களின் ஆடம்பர சாதனமாகத்தான் இருந்து வந்தது. வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தபடியால், மணி அடித்ததும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு அருகிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடிப் பேசிய முதலாளிகள் அன்று உண்டு. 2003-இல் அழைப்பவரே பணம் செலுத்துவது என்ற முறை வந்த பிறகுதான் செல்போன் சாமானியர் கைக்கு வந்தது; கைக்கு வந்த அளவிலேயே எண்ணும் வீட்டை விட்டு மனிதரோடு ஒட்டிக்கொண்டது.

இன்று உன் எண் எங்கெங்கெல்லாம் பதிந்து கிடக்கிறது என்று ஒரு முறை நிதானமாக யோசித்துப் பார். ஆதாரில், வங்கிக் கணக்கில், சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியில், வருமான வரிக் கணக்கில், சமையல் வாயுப் பதிவில், யுபிஐ-யில், வாட்ஸ்அப்பில், என்று நீண்டுகொண்டே போகும் அந்த வரிசையில், நீ மறந்துபோன இடங்கள்தாம் அதிகமாக இருக்கும். நீ கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் சும்மா வைத்திருந்துவிட்டு, பிறகு நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இது சம்பந்தமான ஒரு மனு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2023 நவம்பரில், பழைய எண்ணோடு ஒட்டியிருந்த வாட்ஸ்அப் முதலியவற்றை அழித்துத் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டியது பழைய சந்தாதாரரின் பொறுப்பே என்ற கருத்தில் நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற நினைத்தாலும், பத்துப் பதினைந்து அலுவலகங்களின் வாசலில் நீ ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஏர்செல் சம்பவம் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். சென்னைக்கு வெளியே உள்ள தமிழ்நாட்டில் தொடக்க காலத்தில் சேவை நடத்திய தனியார் நிறுவனங்கள் இரண்டு, பி.பி.எல். ஒன்று, சி. சிவசங்கரன் 1999-இல் தொடங்கிய ஏர்செல் மற்றொன்று. பி.பி.எல். கைமாறி ஹட்ச் ஆயிற்று, 2007-இல் வோடபோன் ஆயிற்று, ஐடியாவோடு இணைந்து 2020-இல் வி என்று பெயர் சூட்டிக்கொண்டது. எண்ணை மாற்றாத பழைய வாடிக்கையாளர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே நான்கு நிறுவனங்களைப் பார்த்துவிட்டார். ஏர்செல்லோ நம் மாநிலத்தில் கிளை பரப்பி, பெரும் பங்கு மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்ற பிறகும் நம்மூர் கம்பெனி என்ற பெயரோடு விளங்கி, கிரிக்கெட் அணியின் சட்டையில் எல்லாம் பொறிக்கப்பட்டு, கடைசியில் 2016-க்குப் பிறகு ஜியோவின் வரவால் ஏற்பட்ட கட்டணப் போட்டியில் கடன் தாங்காமல், டவர் நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியில் சிக்கி, 2018 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மௌனமாகிப் போயிற்று. மாதக் கடைசியில் திவால் மனுவும் போட்டார்கள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும், பொள்ளாச்சியின் தேங்காய்க் களங்களிலும், லாரிகளின் பின்புறத்திலும் பெயர்ப் பலகைகளிலும் எழுதி வைத்த எண்கள் ஒரே நாளில் பேசாமற்போனால் வியாபாரம் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு விபரீதம் இருந்தது. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்வதற்குரிய குறியீடு எஸ்எம்எஸ் மூலமாகத்தான் வரும்; சிக்னலே இல்லாத போனுக்கு எஸ்எம்எஸ் எப்படி வரும்? வெளியேறுவதற்கான கதவின் சாவி, பூட்டிய வீட்டுக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டதால், டிராய் என்று அழைக்கப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் குறுக்கிட்டு வழி செய்ய வேண்டியிருந்தது. சிக்னல் தள்ளாடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே நகர்ந்துகொண்டவர்கள் தப்பினார்கள். இதுவரை நன்றாகத்தானே இருந்தது என்று பற்றுதலோடு காத்திருந்தவர்கள் அலைந்தார்கள். நிறுவனத்தின் மேல் பற்று வைக்காதே, எண்ணின் மேல் வை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நமக்குக் கிடைத்தது. PORT என்ற ஆங்கிலச் சொல், அடுத்து ஓர் இடைவெளி, அடுத்து உன் பத்து இலக்க எண், என்று 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதன் ஆயுள் நான்கு நாட்கள். புதிய நிறுவனத்தின் கடையில் அதைக் கொடுத்தால், மாநிலத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாற்றம் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு முறை மாறினால் அடுத்த 90 நாட்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். பழைய இடத்தில் மிச்சமிருக்கும் ரீசார்ஜ் பணமும் நாட்களும் உன்னோடு வரமாட்டா. ஆகையால் வேலிடிட்டி முடிகிற வாரத்தைப் பார்த்துக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

இங்கே கால வரிசையைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் புதுப் போன் வாங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். போனுக்குப் பொருந்தவில்லை என்றோ, இ-சிம் வேண்டும் என்றோ, சிம்மை மாற்றிக்கொண்டால், அந்த மாற்றத்துக்குப் பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் போகாது, வரவும் வராது. திருட்டு சிம் மூலம் வங்கிப் பணம் எடுப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அதோடு, 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குப் போர்ட் குறியீடும் கிடையாது. நிறுவனம் மாறுவதானால் அதை முதலில் முடித்துக்கொள். போன் பிறகு வரட்டும். விடுதி வாடகையோ தவணையோ கட்ட வேண்டிய நாளில் சிம்மைத் தொடாதே. யுபிஐ செயலி, உன் சிம் செருகியிருக்கும் போனிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ்ஸை அனுப்பித்தான் உன்னை அடையாளம் கண்டுகொள்ளும். புதியதில் எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே, பழையதிலுள்ள கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, முழுவதுமாக ரீசெட் செய்.

எந்த நிறுவனம் என்று கேட்டால் நான் பெயர் சொல்லமாட்டேன். தோழிகளின் அபிப்பிராயம் சரவணம்பட்டிக்குச் சரியாக இருக்கலாம். நீ சரவணம்பட்டியில் மட்டும் வாழ்கிறவள் அல்ல. சனிக்கிழமை இங்கே வருகிறாய், விசேஷங்களுக்கு வால்பாறையில் மாமா வீட்டுக்குப் போகிறாய். ஆழியாறிலிருந்து மேலேறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் விளம்பரப் படங்களின் வேகமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை நீயே பார்த்திருப்பாய். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜி-க்குப் பெரிதும் உபயோகமாகும் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசை அதிகமான டேட்டாவைச் சுமக்கும், ஆனால் தூரமும் சுவரும் அதற்கு ஆகா. ஆகவே, நகரத்தின் நடுவில் வெற்றி பெறும் நிறுவனமே மலைச் சரிவிலும் வெற்றி பெறும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. எந்தெந்த இடத்தில் சேவை உண்டு என்று காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் விதித்திருக்கிறது, அதைப் பார். பார்த்துவிட்டு, இரண்டாவது சிம்மாக அந்த நிறுவனத்தின் மலிவான சிம் ஒன்றை ஒரு மாதம் போட்டு, விடுதி அறையின் மூலையிலும், பஸ்ஸிலும், நம் வீட்டுத் திண்ணையிலும், வால்பாறையிலும் பேசிப் பார். வரைபடத்தைக் காட்டிலும் உன் காது மேலானது.

கட்டணத்தில் ஒரு சாமர்த்தியம் நடப்பதைக் கவனி. மாதத் திட்டம் என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்று நினைத்துக்கொண்டிருப்பவள் பதின்மூன்று முறை பணம் கட்டியிருப்பாள். 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் எல்லா நிறுவனங்களும் வைத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அவை இருக்கின்றன, கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார், நீதான் கேட்க வேண்டும். திட்டத்தின் விலையை நாட்களால் வகுத்துப் பார்த்து ஒப்பிடு. ஆண்டுத் திட்டம் நாளொன்றுக்கு மலிவு என்பது மெய்யே. ஆனால் அது உன் காலில் போட்ட ஒரு விலங்கும்கூட, ஏனென்றால் நடுவில் சேவை கெட்டுப்போனால் கட்டிய பணத்தை விட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியபோது முன்கூட்டியே ஆண்டுக்குக் கட்டியிருந்தவர்கள் லாபம் அடைந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்த்த நிறுவனத்துக்கு ஆண்டுத் திட்டம், சோதிக்காததற்கு ஒரு மாதம், என்பதே என் யோசனை. அலுவலகத்திலும் விடுதியிலும் வைஃபை இருக்கும்போது தினசரி இரண்டு ஜிபி எதற்கு என்பதையும் உன் பழைய போனின் டேட்டா கணக்கே உனக்குச் சொல்லும்.

போனைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதில் நீ என்னைவிடத் தேர்ந்தவள். கேமராவின் மெகாபிக்சலை எண்ணுவதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார்கள் என்று கேள். சில நிறுவனங்கள் தம் உயர்ந்த ரகங்களுக்கு ஏழு ஆண்டு வரை சொல்கின்றன, மலிவான போன்கள் பல, இரண்டு மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. வட்டியில்லாத் தவணை என்ற பலகையைக் கண்டால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்றும், நடைமுறைக் கட்டணம் எவ்வளவு என்றும் காந்திபுரத்தில் இரண்டு கடைகளிலாவது கேட்டுவிட்டு உட்கார். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா ஐபோன் கொண்டுவருகிறேன் என்று சொன்னதாகக் கேள்வி. அங்கே நிறுவனங்கள் விற்கும் போன்கள் அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருப்பது உண்டு, அன்றியும் 2022-க்குப் பின் வந்த அமெரிக்க ஐபோன்களில் சிம் செருகும் இடமே கிடையாது. இ-சிம் நல்லதுதான்; ஆனால் வால்பாறையில் போன் கீழே விழுந்து செயலிழந்தால், சிம்மைக் கழற்றி மாமாவின் போனில் போட்டுப் பேசும் சௌகரியம் அதில் இல்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐஎம்இஐ எண்ணைத் தனியே குறித்துவை. போன் களவு போனால், 2023-இல் அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொண்டுதான் அதை முடக்க முடியும். உன் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்பதையும் அங்கேயே பார்க்கலாம். விடுதியில் யாருக்காவது உதவி என்று உன் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தரும் தாராளம் மட்டும் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது அம்முச்சியின் போனையும் கொஞ்சம் பார்த்துவிடு. அவளுடையது 2ஜி பட்டன் போன். ஜியோவில் 2ஜி கிடையாதாகையால், யாராவது ஆசை காட்டி அங்கே போர்ட் செய்துவைத்துவிட்டால் அந்தப் போன் ஊமையாகிவிடும். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டம் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதித்த பிறகு, 365 நாள் வரை அத்தகைய திட்டம் வந்திருக்கிறது. அவளுக்கு அதுவே போதும். பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன், ரீசார்ஜ் செய்வது உன் வேலை. உன் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதே. ரீசெட் செய்து, சார்ஜரோடு எனக்குக் கொண்டுவா. நாளிதழை இனி அதில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
அப்புச்சி