பால்மரம் மேசையான கதை

உங்கள் வீட்டு உணவு மேசையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அது வெளிர்மஞ்சள் நிறத்தில், மெல்லிய கோடுகளோடு, தொடுவதற்கு வழவழப்பாக இருக்கிறதா? அப்படியானால், அது ரப்பர் மரத்தால் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து பால் வெட்டிய அதே மரம்தான் அது.

முற்காலத்தில் வீட்டுத் தளவாடங்கள் பெரும்பாலும் அடர்பழுப்பு நிறத்தில் இருந்தன. அக்கால வீடுகளில் முற்றமும் நாற்புறமும் சன்னல்களும் இருந்ததால், அந்நிறம் ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்று நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். அங்கே வரவேற்பறைக்கு ஒரே பக்கத்தில்தான் சன்னல் இருக்கும். அடர்நிறப் பரப்பு தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். வெளிர்நிறப் பரப்போ அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே, அலமாரியும் மேசையும் தரையும் வெளிர்நிற மரத்தால் அமைந்தால் சிறிய அறைகூட வெளிச்சமாகவும் விசாலமாகவும் தோன்றும். பகலில் விளக்கு எரிய வேண்டிய தேவையும் குறையும்.

ஒளியின் அருமையை நன்கு உணர்ந்தவர்கள் வட ஐரோப்பிய மக்கள். அங்கே குளிர்காலப் பகல் மிகவும் குறுகியது. அதனால், பிர்ச், பைன் போன்ற வெளிர்நிற மரங்களை அவர்கள் வீட்டிற்குள் விரும்பிப் பயன்படுத்துகின்றனர். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1933-ஆம் ஆண்டில் பிர்ச் மரத்தால் வடிவமைத்த முக்காலி இன்றும் விற்பனையில் உள்ளது. அத்தகைய மரத்தைத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் தோட்டங்களிலேயே அது வளர்ந்து நின்றது.

அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்ட ரப்பர் மரம், இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் வழியாக 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தது. அவற்றுள் ஒன்பது நாற்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர், தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மரத்திற்கு மரம் நடந்து பட்டையைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்தனர். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். பிறகு, அம்மரங்களை வெட்டிவிட்டுப் புதிய கன்றுகளை நடுவார்கள்.

வெட்டப்பட்ட மரங்கள் என்னவாயின? நெடுங்காலம் அவை விறகாயின. அல்லது தோட்டத்திலேயே எரிக்கப்பட்டன. அதற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுதி. ஆகவே, வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பரவி, வெண்ணிறப் பலகையில் கருநீலக் கறை படியும், வண்டுகள் துளையிடும். உலரும்போது பலகை முறுக்கிக்கொள்ளும். எனவே, “இது எதற்கும் உதவாத மரம்” என்று ஒதுக்கிவிட்டனர்.

மர ஆய்வாளர்கள் அக்குறைகளுக்கு ஒவ்வொன்றாகத் தீர்வு கண்டனர். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகமும் இதில் பங்காற்றியது. முதலாவதாக, மரத்தை வெட்டிய சில நாள்களுக்குள் பலகையாக அறுக்க வேண்டும். அடுத்து, மூடிய தொட்டியில் பலகைகளை அடுக்கி, காற்றை வெளியேற்றி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உட்செலுத்த வேண்டும். அது பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும். பின்னர், பலகைகளைச் சூடான அறையில் முறையாக உலர்த்த வேண்டும். குட்டையான துண்டுகளின் முனைகளைக் கோத்த விரல்களைப் போல வெட்டி ஒட்டினால், நீண்ட பலகை கிடைக்கும். இம்முறைகளால் 1980-களில் ரப்பர் மரத் தளவாடத் தொழில் வேகமாக வளர்ந்தது. இன்று ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது.

இம்மரத்தைப் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மழையும் ஈரமும் படும் இடத்திற்கு இது ஏற்றதன்று. கடும் வெயில் பட்டால் நிறம் மாறும். சிந்திய குழம்பை உடனே துடைக்காவிட்டால் கறை படியும். மேலும், அறை முழுவதும் ஒரே வெளிர்நிறமாக இருந்தால் சலிப்புத் தட்டும். ஓர் அடர்நிற விரிப்போ பசுமையான செடியோ அதற்கு உயிரூட்டும்.

ரப்பர் மரத்தைப் பயன்படுத்துவதால் இயற்கைக் காட்டு மரங்களின் தேவை குறைகிறது. ஆயினும், ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. இம்மரமும் குறைந்து வருகிறது. தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டன. அவர்கள் பால் வெட்டிய மரமும் மேசையாக மாறி அந்த வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அம்மேசையில் அமர்ந்து நீங்கள் பாடம் படிக்கும்போது, அம்மரத்தை அறிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால், அவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கருத்துணர்தல்

1. வெளிர்நிற மரம் சிறிய அறைக்கு ஏற்றது என்பதற்கான காரணத்தை விளக்குக.
2. ரப்பர் மரம் முன்பு எரிக்கப்பட்டது ஏன்?
3. அக்குறைகள் எவ்வாறு களையப்பட்டன? வரிசைப்படி எழுதுக.
4. ‘பயனற்றது’ என ஒதுக்கப்பட்டுப் பின்னர்ப் பயன்பாட்டிற்கு வந்த வேறொரு பொருளைப் பற்றிக் குழுவில் கலந்துரையாடுக.