கருத்தடை மாத்திரையும் இடைக் கசிவும்

கருத்தடை மாத்திரையை முதன்முறையாக உட்கொள்ளத் தொடங்கும் பெண்களுள் சிலர், முதல் அட்டை தீர்வதற்கு முன்னரே அதனைக் கைவிட்டு விடுகின்றனர். மாதவிடாய்க்குரிய நாளல்லாத ஒரு நாளில் ஆடையில் காணப்படும் இரத்தக் கறையே பல சமயங்களில் இதற்குக் காரணமாகிறது. அக்கறையைக் கண்டதும், மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, கருப்பையில் புண் ஏற்பட்டுவிட்டது என்றோ அஞ்சுவது இயல்பே. மேலும், தூரமான நாட்களில் அடுக்களையிலும் பூசை அறையிலும் நுழையாத வழக்கம் உள்ள இல்லங்களில், எதிர்பாராத நாளில் தோன்றும் ஒரு துளி இரத்தம் வீட்டு வேலை முழுவதையுமே நிலைகுலையச் செய்துவிடும். ஆகவே இதனை அற்பமான தொல்லை என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. ஆயினும், இதற்காக மாத்திரையை நடுவில் நிறுத்துவதால் விளையும் தீங்கு கசிவினால் விளையும் தீங்கினும் பெரிது. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கில மருத்துவ நூல்களில் இக்கசிவுக்கு வழங்கும் பெயர், தடையை உடைத்துக்கொண்டு வெளிப்படுவது என்னும் பொருளுடையது. அதனை அப்படியே தமிழாக்கினால் படிப்பவர் அஞ்சுவாரே ஒழிய விஷயத்தை விளங்கிக்கொள்ள மாட்டார். எனவே 'இடைக் கசிவு' என்றே இங்குக் குறிப்பிடுவோம்.

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. சூலகத்தில் சுரக்கும் எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இச்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஏற்படும் சிதைவுகளையும் செப்பனிடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் தடித்த சவ்வை நிலைபெறச் செய்கிறது. இரண்டின் அளவும் ஒருங்கே குறையும்போது சவ்வு உதிர்ந்து மாதவிடாயாக வெளிப்படுகிறது. கலப்பு மாத்திரையில் இவ்விரு வகை ஹார்மோன்களும் செயற்கை வடிவில் மிகச் சிறிய அளவில் அடங்கியுள்ளன. இவற்றை நாள்தோறும் உட்கொள்வதால் சினைமுட்டை வெளிப்படுவது தடைப்படுகிறது; உட்சவ்வும் முன்போல் தடிக்காமல் மெலிந்து போகிறது. மெலிந்த சவ்வின் இரத்தக் குழாய்கள் புதிய நிலைமைக்குப் பழகும் வரையில், ஆங்காங்கே எளிதில் கசிகின்றன. இதுவே இடைக் கசிவு. இதில் புண்ணும் இல்லை, நோயும் இல்லை.

அரசு நலவாழ்வு நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றுள் 21 மாத்திரைகளில் மட்டுமே ஹார்மோன் உண்டு. எஞ்சிய 7 மாத்திரைகள் இரும்புச் சத்து கொண்டவை. இரும்பு மாத்திரைகளை உண்ணும் வாரத்தில் உடலில் ஹார்மோன் குறைவதால் இரத்தப் போக்கு ஏற்படுகிறது. இந்த உண்மையை நினைவிற்கொண்டால், பன்னிரண்டாம் நாளில் கறையைக் கண்டு மாத்திரையை நிறுத்தும் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பது விளங்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் ஹார்மோன் குறைந்து, கறையாக இருந்தது போக்காகவே மாறுகிறது. 'நிறுத்தியும் நிற்கவில்லை, முன்னிலும் மிகுந்துவிட்டது. அந்த மாத்திரைதான் கெடுதல் செய்தது' என்று அவள் முடிவு கட்டுகிறாள். உண்மையில் அப்போக்கை வரவழைத்தது நிறுத்திய செயலேயாகும். இதற்குள் சூலகமும் விழித்தெழுந்து தன் பணியைத் தொடங்கிவிடுகிறது. வேறு பாதுகாப்பு ஏதும் இல்லையெனில் வேண்டாத கருப்பம் உண்டாக வழி திறந்துவிடுகிறது.

இக்கசிவுக்கும் மாத்திரையின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் கிரெகரி பிங்கஸ், ஜான் ராக் ஆகிய விஞ்ஞானிகள் நாரெதினோட்ரெல் என்னும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைப் பெண்களுக்குக் கொடுத்துச் சோதித்து வந்தனர். அம்மருந்தில், தயாரிப்பின்போது மெஸ்ட்ரனால் என்னும் எஸ்ட்ரோஜன் சிறிதளவு கலந்துவிட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அந்தக் கலப்பை நீக்கிப் பரிசுத்தமான மருந்தைக் கொடுத்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது: இடைக் கசிவு குறையவில்லை, மிகுந்தது! அசுத்தம் என்று கருதியதே சவ்வைக் காத்து வந்தது என்று உணர்ந்து, எஸ்ட்ரோஜனை ஒரு குறிப்பிட்ட அளவில் வேண்டுமென்றே சேர்த்தனர். 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில் நடந்த சோதனையிலும், 1960-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற 'எனோவிட்' மாத்திரையிலும் அமைந்த கலவை இதுவே.

ஆனால் அம்மாத்திரையில் நாரெதினோட்ரெல் ஏறத்தாழ 10 மில்லிகிராமும், எஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராமும் இருந்தன. எஸ்ட்ரோஜன் மிகுந்தால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் மிகும் என்பது அந்தப் பத்தாண்டிலேயே புலனாயிற்று. 0.05 மில்லிகிராமுக்கு மேல் எஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைகளையே தருமாறு 1969 டிசம்பரில் பிரிட்டனில் டாக்டர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இன்றைய 'மாலா-என்' மாத்திரையில் எதினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் மட்டுமே உள்ளன. அபாயம் குறைந்தது, அதற்கு ஈடாக, தொடக்க மாதங்களில் சிறிது கசிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இது நல்ல பேரமே என்பது எமது கருத்து.

முதல் மாதத்தில் நூற்றுக்கு முப்பது பெண்கள் வரையில் இக்கசிவைக் காணக்கூடும். மூன்றாம் மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு அது தானே அடங்கிவிடும். ஆதலால் புதிதாகத் தொடங்குவோர், கசிவு இருந்தாலும் அட்டையை இடையில் நிறுத்தாமல் மூன்று மாதங்கள் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். மாத்திரையை நாள்தோறும் ஒரே வேளையில் உண்பது மிக முக்கியம். இரவு உணவு முடிந்ததும் உண்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் மறதி குறையும். கசிவு தொல்லை தருமாயின், ஐபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்ற மருந்துகளுள் ஒன்றைச் சில நாட்களுக்கு டாக்டர் எழுதித் தரக்கூடும். அண்டை வீட்டார் சொற்கேட்டு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரையாக உண்பது தகாது.

ஒழுங்காக நடந்துவந்த பின்னர்க் கசிவு தோன்றினால், முதலில் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். விடுபட்ட மாத்திரை அங்கே இருக்கக்கூடும். ஒரு மாத்திரை விடுபட்டிருப்பின், நினைவுக்கு வந்த உடனே அதனை உண்டு, அன்றைய மாத்திரையையும் உரிய வேளையில் உண்ணலாம். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ ஹார்மோன் மாத்திரைகள் விடுபட்டிருந்தால், உடனே ஒன்றை உண்டு, மீதியை நாளுக்கு ஒன்றாகத் தொடர்வதோடு, ஏழு நாட்களுக்கு ஆணுறையையும் பயன்படுத்துதல் அவசியம். மூன்றாம் வாரத்தில் இவ்வாறு நேர்ந்தால், இரும்பு மாத்திரைகளை விடுத்து, ஹார்மோன் மாத்திரைகள் தீர்ந்த மறுநாளே புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் விடுபட்டு, அந்நாட்களில் பாதுகாப்பற்ற உறவும் நேர்ந்திருப்பின், அவசரக் கருத்தடை பற்றித் தாமதமின்றி டாக்டரைக் கேட்க வேண்டும். இரும்பு மாத்திரை விடுபட்டால் கேடில்லை. மாத்திரை உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் மற்றொன்று உண்ண வேண்டும்.

மாத்திரையை ஒருநாளும் தவறாமல் உண்டும் கசிவு தோன்றுவது உண்டு. அப்போது வேறு மருந்து ஏதேனும் உண்கிறோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து, கல்லீரலைத் தூண்டி, மாத்திரையின் ஹார்மோன்களை வழக்கத்தினும் விரைவாக அழித்துவிடுகிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவையும் இத்தகையவை. இந்நிலையில் தோன்றும் கசிவு, கருத்தடைப் பாதுகாப்பே தளர்ந்துவிட்டது என்பதற்கு ஓர் எச்சரிக்கையாகும். காசநோய் நம் நாட்டில் பரவலாக உள்ளது. அதற்கான மருந்தை ஓரிடத்திலும் கருத்தடை மாத்திரையை வேறோரிடத்திலும் பெறும் பெண், ஒன்றைப் பற்றி மற்றோரிடத்தில் கூச்சத்தால் கூறாமல் விடுவது எளிது. மருந்து தருபவரும் கேட்பதில்லை. இருபுறத்து மௌனத்துக்கும் விலை கொடுப்பவள் அப்பெண்ணே. ரிஃபாம்பிசின் உட்கொள்ளும் காலத்திலும், அதனை நிறுத்திய நான்கு வாரங்கள் வரையிலும் ஆணுறையோ, காப்பர்-டி போன்ற வேறு சாதனமோ தேவைப்படும். எக்காரணம் கொண்டும் காசநோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தலாகாது; மாற்றிக்கொள்ள வேண்டியது கருத்தடை முறையையே.

புகைபிடிக்கும் பெண்களிடம் இடைக் கசிவு மிகுதியாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் கலப்பு மாத்திரையே ஏற்றதன்று.

கசிவை மாத்திரையின் மேல் ஏற்றிவிட்டு வாளா இருக்கலாகாத நிலைகளும் உள. மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் கசிவு, உடலுறவுக்குப் பின் தோன்றும் இரத்தம், அடிவயிற்று வலியும் காய்ச்சலும், துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடு ஆகியவை கருப்பைக் கழுத்தில் தொற்றுநோயோ, சதை வளர்ச்சியோ, அரிதாகப் புற்றுநோயோ இருப்பதைக் காட்டக்கூடும். மணிக்கொரு முறை துணி மாற்ற வேண்டிய அளவுக்குப் போக்கு மிகுந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகைய உடலுக்கு மிகுதியான போக்கைத் தாங்கும் வலிமை குறைவு. சாதாரணக் கறைக் கசிவினால் இழக்கும் இரத்தமோ மிகச் சிறிது. மாத்திரை உண்பதால் மாதாந்தரப் போக்கே குறைந்துவிடுவதால், மொத்தத்தில் இரத்தம் மிஞ்சுகிறது என்றே கூறலாம்.

இதுகாறும் கூறியவை இருவகை ஹார்மோன்களும் கலந்த மாத்திரைக்கே பொருந்தும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1991-இல் 'சஹேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, இப்போது 'சாயா' என்னும் பெயரில் அரசு நிலையங்களில் வழங்கப்படும் சென்ட்குரோமான் மாத்திரையில் ஹார்மோன் எதுவும் இல்லை. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்ணப்படும் இம்மாத்திரையில் எழும் ஐயம் நேர்மாறானது. இங்கு மாதவிடாய் இடையில் வருவதற்குப் பதிலாகச் சிலருக்குத் தாமதமாகிறது. தாமதம் பதினைந்து நாட்களைக் கடந்தால் கருப்பம் உண்டாகியுள்ளதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.