மேலே மரம், உள்ளே என்ன? – ஆஷ் வெனியர் பற்றி ஒரு பாடம்

முதிரையையும் பாலையையும் வேம்பையும் பார்த்தவுடன் இனங்காணும் எமது விவசாயிகள், கொழும்பின் தளபாடக் கடைகளில் தடுமாறுகின்றனர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் குடியிருக்கும் குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஓர் அலுமாரி வாங்குகின்றது. "ஆஷ்" என்று சொன்னதை முழுமரம் என்று நம்புகின்றது. மாரி கழிய அதன் அடி ஊதிப் பெருக்கின்றது. இவ்விழப்பைத் தவிர்ப்பதற்கே இப்பாடம்.

1. வெனியர் என்றால் என்ன?

மரக்குற்றியிலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தாளே வெனியர். தளபாடங்களுக்கு உரியது ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. இதனை மலிவான பலகைமீது ஒட்டுவர். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகைக்குரிய மரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள் சீவலாம். ஆகவே வெனியர் போலி அன்று. நல்ல மரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழி. முன்னர் தேயிலைப் பெட்டிகள் செய்த ஒட்டுப்பலகையும் வெனியர் தாள்களை அடுக்கி ஒட்டியதே. ஆனால் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. ஒட்டுப்பலகைக்காக 1970களில் சிங்கராஜ வனத்தில் மரம் தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது.

2. ஆஷ் மரம்

இப்பெயருக்கும் அடுப்புச் சாம்பலுக்கும் தொடர்பில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளரும் இம்மரம் எமது காடுகளுக்கு உரியதன்று. உறுதியும் வளைந்து கொடுக்கும் தன்மையும் உள்ளதால் அங்கே கோடரிப்பிடிக்கும் துடுப்புக்கும் பயன்படுகின்றது. அமெரிக்காவில் 2002இல் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டினம் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது.

3. வகைகள்

(அ) நிறத்தால்: வெளிப்புற மரம் வெண்மையானது. சில மரங்களின் உள்வைரம் கபிலக் கோடுகளுடன் இருக்கும். அதனை ஒலிவ் ஆஷ் என்பர்.

(ஆ) சீவும் முறையால்: குற்றியைச் சுழற்றி உரித்தால் அகன்ற, ஒழுங்கற்ற ரேகைகள் வரும். தட்டையாகச் சீவினால் மலைமுகடு போன்ற கோலம் வரும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சீவினால் நேர்கோடுகள் வரும்.

4. பயன்கள்

அலுமாரிக் கதவு, மேசைத்தட்டு, உட்கதவு, சுவர்ப்பலகை. மழைபடும் இடத்துக்கு ஏற்றதன்று. ஆஷ் மரம் ஈரத்தில் விரைவில் உக்கும்.

5. வாங்குமுன் பாருங்கள்

- மேற்பரப்பின் ரேகை விளிம்பில் தொடர்கின்றதா? தொடராவிட்டால் அது முழுமரம் அன்று.
- ஒரே கோலம் மீண்டும் மீண்டும் அச்சாக வந்தால் அது வெனியர்கூட அன்று, அச்சிட்ட கடதாசியாக இருக்கலாம்.
- பின்புறத்தையும் திருகாணித் துளையையும் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. மரத்தூளும் துண்டுகளும் தெரிந்தால் நீர்பட்டவுடன் ஊதும் பலகை. அதற்கு ஒட்டுப்பலகையின் விலையைக் கொடுக்காதீர்கள்.

வாங்கியபின் அடிப்பாகத்தை நிலத்திலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். ஓரம் எழும்பினால் வெள்ளைப் பசை தடவி, பாரம் ஏற்றி ஒருநாள் விடுங்கள். அரத்தாளால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். அரை மில்லிமீற்றர் விரைவில் தேய்ந்துவிடும்.

கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் வீட்டுத் தளபாடங்களில் எவை முழுமரம், எவை வெனியர்?
2. ஊர்க்காணியில் நிற்கும் முதிரையை விறகு விலைக்கு விற்பதற்கும், நல்ல பலகையாகப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு என்ன?