தோன்றல், திரிதல், கெடுதல்: வாக்காளர் பட்டியலின் செம்மை குறித்து ஓர் ஆய்வு

குடியாட்சியின் உயிர்நாடி தேர்தல் என்பர். அத்தேர்தலின் உயிர்நாடி யாது என்னும் வினாவுக்குப் பலரும் வாக்குப்பதிவு எந்திரத்தையோ, வாக்கு எண்ணும் கூடத்தையோ சுட்டுவர். ஆயின், வாக்குப்பதிவுக்குப் பல திங்கள் முன்னரே, ஆரவாரமின்றி அணியமாகும் ஓர் ஏடே தேர்தலின் அடித்தளம் ஆகும். அதுவே வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு கூறும் விதி. அறிஞராயினும் செல்வராயினும் அந்த ஏட்டில் ஒரு வரி இல்லையேல் அன்று அவர் குரலற்றவரே. எனவே அவ்வேடு எவ்வாறு உருவாகிறது, எங்கே பிழைபடுகிறது, பிழை களையும் நெறி யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மொழி பயில்வோராகிய நமக்கு ஓர் எளிய வழி உள்ளது. விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. வாக்காளர் பட்டியலில் நேரும் பிழைகளும் இம்மூன்றனுள் அடங்கும். இருக்கக் கூடாத பெயர் இருப்பது தோன்றல். இருக்கும் பெயர் உருமாறி நிற்பது திரிதல். இருக்க வேண்டிய பெயர் இல்லாமற் போவது கெடுதல். புணர்ச்சியில் இவை விதிப்படி நிகழும். பட்டியலில் விதிக்கு மாறாக நிகழும். வேறுபாடு அவ்வளவே.

பண்டை முறையும் புதிய முறையும்

தேர்தலுக்கு முன் தகுதியை வரையறுத்தல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமையும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையும் தகுதிகளாக வைக்கப்பட்டன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோர் விலக்கப்பட்டனர். குடத்தில் யார் பெயர் இடப்படும் என்பதை முதலில் வரையறுத்த பின்னரே ஓலை எடுக்கப்பட்டது. ஆயினும் அது ஒரு பிரமதேயத்தின் சபைக்குரிய முறை; எல்லா மக்களுக்கும் உரியதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவையே வாக்குரிமைக்கு அளவுகோல்களாக இருந்தன. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வகுத்தது. விடுதலை பெற்ற இந்தியா இவ்விரண்டையும் விலக்கியது. அரசியலமைப்பின் 325ஆம் உறுப்பு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே பொதுப் பட்டியல் என்றும், சமயம், இனம், சாதி, பால் காரணமாக எவரும் அதில் இடம்பெறத் தகுதியற்றவர் ஆகார் என்றும் கூறுகிறது. 326ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. அன்று இருபத்தொன்றாக இருந்த அகவை வரம்பு, அறுபத்தொன்றாம் திருத்தத்தால் 1989இல் பதினெட்டாயிற்று.

முதற் பட்டியல் என்னும் அரும்பணி

இந்தியாவின் முதற் பட்டியலைத் தொகுத்த வரலாறு வியப்பூட்டுவது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே, 1948ஆம் ஆண்டிலேயே அப்பணி தொடங்கியது. அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று பெயர் எழுதினர். நாட்டுப் பிரிவினையால் ஏதிலிகளாய் வந்தோருக்கு நிலையான முகவரி ஏது? தாம் இருக்கும் ஊரிலேயே நிலையாகத் தங்கப்போவதாக அவர்கள் அளித்த உறுதிமொழியையே ஏற்றுப் பெயர் சேர்க்கும் வழி காணப்பட்டது. சான்று இல்லாமை உரிமை இல்லாமை ஆகிவிடக் கூடாது என்னும் கருத்து இம்முடிவில் விளங்குகிறது.

பட்டியல்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்த 16,500 எழுத்தர்கள் ஆறு திங்கள் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். அச்சிட 3,80,000 ரீம் தாள் செலவாயிற்று. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் நிறைவுற்ற அப்பட்டியலில் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர் இடம்பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்.

அப்பெரும்பணியிலும் ஒரு பெரும் இழப்பு நேர்ந்தது. வட மாநிலங்களில் பெண்கள் பலர் அயலாரிடம் தம் பெயரைச் சொல்லத் தயங்கினர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் செய்தனர். சொந்தப் பெயரின்றி எவரையும் பதியலாகாது என்று சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் சுமார் 28 லட்சம் பேர் இதனால் நீக்கப்பட்டனர். பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகியவற்றிலேயே இது மிகுதியும் நிகழ்ந்தது. பெண்ணுக்கும் தனிப்பெயர் உண்டு, அப்பெயராலேயே அவள் குடிமகள் என்பதை நிலைநாட்டிய முடிவு அது. எனினும் அம்முடிவின் விலையை அத்தேர்தலில் கொடுத்தவர்கள் அப்பெண்களே. செம்மைக்காக எடுக்கும் நடவடிக்கையும் உரிமையைப் பறிக்கக்கூடும் என்னும் பாடத்தை முதற் பட்டியலே நமக்குத் தந்துவிட்டது.

மூவகைப் பிழைகள்

இனித் தோன்றல் குறித்துக் காண்போம். இறந்தவர் பெயர் நீங்காதிருத்தல், குடிபெயர்ந்தவர் பெயர் பழைய ஊரிலும் புதிய ஊரிலும் இருத்தல், தகுதியற்றவர் பெயர் புகுதல் ஆகியவை இதன்பாற்படும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகள் ஒருவர் ஒரே இடத்தில் மட்டுமே பதிவு பெறலாம் என விதிக்கின்றன. பொய்யான உறுதிமொழி அளிப்போர்க்கு 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். எனினும் இரட்டைப் பதிவு யாவும் சூழ்ச்சியின் விளைவு அன்று. வீடு மாறுவோர் புதிய இடத்தில் பெயர் சேர்ப்பதில் காட்டும் அக்கறையைப் பழைய இடத்தில் நீக்குவதில் காட்டுவதில்லை.

திரிதல் தமிழர்க்கு மிகவும் பழக்கமான இடர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. படிவமோ பெயர், உறவினர் பெயர் எனக் கேட்கிறது. தமிழில் எழுதியது ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படும்போது உருமாறுகிறது. முகம்மது, முஹம்மது, முகமது, மொகமது ஆகிய வடிவங்கள் யாவும் நம் ஊர்களில் ஒருவரையே குறிக்கலாம். ஒரே வடிவம் நூறு பேரைக் குறிக்கவும் கூடும். பீவி, பேகம், பானு என்னும் பின்னொட்டுகள் ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இரா. திருமணத்திற்குப் பின் தந்தை பெயர் போய்க் கணவர் பெயர் வரும். கண்ணால் பார்க்கும் மனிதர்க்கு இவை ஒருவரே எனத் தெரியும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணிப்பொறிக்கு இருவராய்த் தோன்றும். ஆதலால் திரிதல் என்பது சிறு பிழையாகத் தொடங்கிக் கெடுதலில் முடியக்கூடும்.

கெடுதலே மிகக் கொடியது. இதற்கு நம் அண்டை நாடான இலங்கை ஒரு துயரச் சான்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்கள் அல்லாதோரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வழி செய்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த எழுவரின் இடங்களுள் ஒன்றுகூட அவ்வியக்கத்துக்குக் கிட்டவில்லை. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மக்கள் அங்கேயே இருந்தனர். ஏட்டில் மட்டும் இல்லாமற் போயினர். நாடற்றோர் சிக்கல் முற்றும் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

எப்பிழை பெரிது?

தூய்மை, முழுமை என்னும் இரண்டும் நல்ல பட்டியலின் இலக்கணம். தூய்மையை மட்டும் நாடினால் தகுதியுடையோர் விடுபடுவர். முழுமையை மட்டும் நாடினால் தகுதியற்றோர் புகுவர். இரண்டும் ஒத்த தீங்கே என்பாரும் உளர். ஒரு போலி வாக்கு ஓர் உண்மை வாக்கை அழித்துவிடும் என்பது அவர்தம் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பட்டியலில் நம்பிக்கை குன்றினால் முடிவிலும் நம்பிக்கை குன்றும்.

ஆயினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நுணுகிக் காண்போம். இறந்தவர் பெயர் பட்டியலில் இருப்பதனாலேயே கள்ள வாக்கு விழுந்துவிடாது. ஒருவர் துணிந்து ஆள்மாறாட்டம் செய்தல் வேண்டும். அங்கே அடையாள அட்டை உண்டு. விரலில் மை உண்டு. வாக்குச்சாவடி முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆளின் அடையாளத்தை மறுத்துரைக்கும் விதியும் உண்டு. தம் பெயரில் பிறர் வாக்களித்துவிட்டதாகக் காண்பவர், தேர்தல் நடத்தை விதிகளின் 49-பி விதிப்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைப் பெறலாம். ஆக, தவறான சேர்ப்புக்கும் கள்ள வாக்குக்கும் இடையே பல தடுப்புகள் உள்ளன. தவறான நீக்கத்துக்கும் உரிமை இழப்புக்கும் இடையே ஒரு தடுப்பும் இல்லை. பெயர் இல்லாதவர்க்கு வாக்குப்பதிவு நாளில் எந்தப் பரிகாரமும் கிடையாது. வேட்புமனு அளிக்கும் இறுதி நாளுக்குப் பின் பட்டியலில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடந்தருவதில்லை. எனவே நீக்கும் கை, சேர்க்கும் கையினும் நிதானமாக இயங்குதல் வேண்டும் என்பது நம் துணிபு.

சட்டமும் இக்கருத்தையே தழுவி நிற்கிறது. குடிபெயர்ந்தார் என்றோ தகுதியற்றவர் என்றோ ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. தில்லியிலும் மும்பையிலும் பெருந்தொகையானோரிடம் குடியுரிமைச் சான்று கேட்டு அறிவிப்புகள் விடுக்கப்பட்ட வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த லால் பாபு உசேன் தீர்ப்பு குறிக்கத்தக்கது. முன்னைய பட்டியலில் பெயர் இருந்தமைக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும். ஐயத்துக்குரிய காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் தரும் சான்றுகள் யாவும் ஆராயப்பட வேண்டும் என அத்தீர்ப்பு நெறி வகுத்தது.

அண்மைக்காலச் சான்று

2025ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அப்போது பட்டியலில் 7 கோடியே 89 லட்சம் பேர் இருந்தனர். ஆகஸ்டு முதல் நாள் வெளியான வரைவில் 7 கோடியே 24 லட்சம் பேரே இருந்தனர். விடுபட்ட 65 லட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிடுமாறு ஆகஸ்டு 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆதார் அட்டையையும் அடையாளச் சான்றாக ஏற்குமாறு செப்டம்பர் 8 அன்று பணித்தது. செப்டம்பர் 30 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 7 கோடியே 42 லட்சம் பேர் இடம்பெற்றனர். தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை.

இத்திருத்தத்தின் நோக்கமும் முறையும் குறித்துக் கட்சிகளிடையே கடும் வழக்காடல் எழுந்தது. அதனுள் புகாமலே ஒரு செய்தியை நாம் துணியலாம். நீக்கப்பட்ட பெயர்களும் காரணங்களும் வெளிப்படையாக வைக்கப்பட்டபோதுதான் இறந்தவர் யார், இருப்பவர் யார் என ஊரார் சரிபார்க்க முடிந்தது. ஓர் ஊரின் உண்மையை அவ்வூரார் அளவுக்கு வேறெவர் அறிவார்?

நம் கடமை

வாக்காளர் பட்டியல் அரசு அலுவலரின் ஏடு மட்டுமன்று, ஊரின் ஏடு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தம் பணிக்கு மேற்பட்ட பணியாகவே இதனைச் செய்வார். அவர்க்குத் துணை நிற்றல் நம் கடன்.

பதினெட்டு நிரம்பும் மாணாக்கர் படிவம் ஆறினை நிரப்பிப் பெயர் சேர்க்கலாம். முன்பு சனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாளாக இருந்தது; 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாள்களும் தகுதி நாள்கள் ஆயின. எழுத்துப் பிழைக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் எட்டு உண்டு. வீட்டில் இறந்தோர் இருப்பின் படிவம் ஏழு அளித்துப் பெயரை நீக்கச் செய்வது உரியோர் பொறுப்பு. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் இந்தியக் குடிமக்களாய் இருந்து அயல்நாட்டுக் குடியுரிமை பெறாதிருப்பின், 2011 முதல் நடைமுறையில் உள்ள 20-ஏ பிரிவின்படி, கடவுச்சீட்டில் உள்ள ஊரிலேயே படிவம் 6-ஏ வழியே பதிந்துகொள்ளலாம். எனினும் வாக்களிக்க நேரில் வருதல் வேண்டும். பதிவு அலுவலரின் முடிவு ஏற்புடையதன்றெனில் மாவட்ட ஆட்சியரிடமும், அதன்பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

தமிழ்த்துறை மாணாக்கர்க்கு இங்கே தனிப் பொறுப்பு ஒன்றுண்டு. சுவடி பதிப்பிக்கும் அறிஞர் ஓர் எழுத்தும் பிறழாமல் பாடத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையை நாம் பயில்கிறோம். அப்பயிற்சியை வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில் நம் தெருவுக்கும் பயன்படுத்துவோம். எழுதப் படிக்க அறியாத முதியவர்க்கும், வீட்டை விட்டு வெளிவராத பெண்டிர்க்கும் அவர்தம் பெயரைப் படித்துக் காட்டுவோம். தோன்றியதைச் சுட்டுவோம், திரிந்ததைத் திருத்துவோம், கெட்டதை மீட்போம். இது ஒரு மாலைப் பொழுதில் முடியும் பணி. அதனைச் செய்யாவிடின், அடுத்த வீட்டார் ஒருவர் ஐந்தாண்டுக் காலம் தம் குரலை இழக்க நேரிடும்.