வயலோர நரி: உணவும் உறைவிடமும்

மன்னார்ப் பகுதியிலே கமஞ்செய்வோர் பலர் நரியைக் கள்ளன் என்றே கருதுகின்றனர். கோழி காணாமற் போனாலும், ஆட்டுக்குட்டி குறைந்தாலும், வத்தகப்பழத்திற் பல் பதிந்திருந்தாலும் பழி நரியின் மீதே விழுகின்றது. இதனால் நஞ்சூட்டிய இறைச்சியைப் பற்றையோரத்தில் வைப்பாரும் உளர். அவ்வாறு செய்யுமுன், இவ்விலங்கு எங்கே தங்குகின்றது, எதைத் தின்கின்றது என்பவற்றைக் கமக்காரர் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

ஆங்கிலப் பாலர் கதைகளில் வருவது செந்நரி. ஐரோப்பியப் பண்ணை நிலங்களில் வாழும் அவ்வினம் இலங்கையில் இல்லை. இங்குள்ளது பொன்னரி என்னும் இனமாகும். நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு இந்நாட்டில் இஃதொன்றே. வளர்ந்த நரியின் நிறை பெரும்பாலும் 10 கிலோகிராமுக்கு உட்பட்டதே. ஊர்நாயிலும் ஒடுங்கிய உடலும், மயிரடர்ந்த தொங்கு வாலும் உடையது. ஆணும் பெண்ணும் சோடியாக வாழும். முந்திய ஈற்றுக் குட்டிகளுள் ஒன்றிரண்டு தாய் தந்தையருடன் தங்கிப் புதுக்குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

அருவியாற்று நீர் தேக்கம் அணையினால் திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை அடைகின்றது. அக்குளத்தின் கீழுள்ள வயல்வெளியே மாவட்டத்தின் நெற்களஞ்சியம். முருங்கன், நானாட்டான், அடம்பன் ஆகிய இடங்களில் வயலுக்கும் பற்றைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. நரிக்கு வேண்டியதும் இதுவே. பகலில் உடை, இலந்தைப் பற்றைகளிலும், பழைய கறையான் புற்றுகளிலும், வாய்க்காற் கரைப் பொந்துகளிலும் ஒதுங்கியிருக்கும். பொழுது சாய்ந்ததும் வரம்புகளின் வழியே இரை தேடும். 2009இல் போர் ஓய்ந்த பின்னர், நெடுங்காலம் தரிசாய்க் கிடந்து பற்றை மண்டிய காணிகள் பல மீண்டும் வெட்டித் திருத்தப்பட்டன. உறைவிடம் சுருங்கினால் நரி ஊர்ப்புறத்தை அண்டுவது வியப்பன்று.

உணவில் நரி தெரிவு பாராதது. காலத்துக்குக் கிடைப்பதைத் தின்னும். மாரியில் வயலில் நீர் நிற்கும்போது தவளையும் நண்டும் அகப்படும். பெரும்போக அறுவடையில் எலியே முதன்மை. வேனிலில் பாலைப்பழமும், பின்னர் நாவலும், பனம்பழமும் கிடைக்கும். அப்பழங்களின் விதைகள் நரியின் எச்சத்தோடு தொலைவிற் சென்று விழுகின்றன. வண்டு, வெட்டுக்கிளி, ஓணான், முயற்குட்டி, நிலத்திற் கூடுகட்டும் பறவைகளின் முட்டை ஆகியவற்றையும் அது விடாது. கரையோரத்தில் நண்டையும், வலையிலிருந்து கழித்தெறியப்பட்ட மீனையும், ஆமை முட்டையையும் நாடும். செத்த மாடு எங்கே கிடந்தாலும் மணம் பிடித்து வந்துவிடும்.

இவற்றுள் கமக்காரருக்கு மிக வேண்டியது எலியைப் பற்றிய செய்தியே. அகிழான் எனப்படும் வயலெலி வரம்பைத் துளைத்து நீரை ஒழுகவிடுவதுடன், கதிரை நறுக்கி வளைக்குள் சேமித்தும் வைக்கும். அதன் கருக்காலம் ஏறக்குறைய 3 வாரமே. ஓர் ஈற்றிற் பல குட்டிகள் பிறக்கும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008இல் இலங்கை முழுவதிலும் பெருமளவிற் பரவியதை வயலிலிறங்குவோர் மறந்திரார். 2016இல் வெளியான ஆய்வொன்று, சேர்பியா நாட்டின் நரிகள் ஆண்டொன்றுக்கு 1 கோடி 32 இலட்சம் பயிரழிக்கும் எலியினங்களைத் தின்கின்றன என மதிப்பிட்டது. அக்கணக்கை மன்னாருக்கு அப்படியே பொருத்தவியலாது. நரி மட்டும் எலியை ஒழித்துவிடும் என்பதும் தவறு. ஆனால் கூலி கேளாது இரவு முழுதும் வரம்பு சுற்றும் காவலாள் வேறெவருளர்?

கோழியையும் ஆட்டுக்குட்டியையும் நரி பிடிப்பது உண்மையே. எனினும் சேதம் கண்டவுடன் நரியெனத் தீர்மானித்தல் கூடாது. கட்டாக்காலி நாய்க்கூட்டம் பல ஆடுகளைத் துரத்திக் கடித்துத் தின்னாமலே விட்டுச்செல்லும்; நரியோ பெரும்பாலும் சிறு குட்டியைத் தூக்கிச் சென்றுவிடும். ஈர மண்ணிற் சுவட்டையும் பார்க்கலாம். நரியின் சுவடு ஒடுங்கியது; முன்காலின் நடுவிரற் பஞ்சுகள் இரண்டும் அடியில் ஒட்டியிருக்கும். காய்ந்த எச்சத்தைத் தடியாற் கிளறினால் எலிமயிரும் பழவிதையும் தென்படும். வெறுங்கையால் தொடலாகாது, குடற்புழுவின் முட்டைகள் அதில் இருக்கக்கூடும்.

நஞ்சு வைத்தலால் நட்டமே மிகும். நஞ்சிறைச்சியை முதலில் தின்பது பெரும்பாலும் வீட்டு நாயும் பருந்துமே. நரி மாண்டாலும் அவ்விடத்துக்கு அலைந்து திரியும் இளநரி வந்து சேரும். கோழிக்கூடு முன்போலத் திறந்தே கிடக்கும். எலிக்கு வைக்கும் நஞ்சிலும் கவனம் வேண்டும். குருதி உறையாது செய்யும் மருந்தைத் தின்ற எலி சில நாட் சென்றே சாகும். அவ்வெலியைத் தின்னும் நரியும் ஆந்தையும் நஞ்சேறி மாளும். ஆதலால் செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். நரிக்கொம்பு அதிட்டந் தருமென நம்பி நரியைக் கொல்லுதலோ வீண்செயல். மண்டையோட்டிற் சிலவேளை முளைக்கும் எலும்புமுனை ஒருவருக்கும் பொன் கொடுத்ததில்லை.

காவலுக்கு எளிய வழிகளுண்டு. பொழுதுபடுமுன் கோழிகளை அடைத்து, கூட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, பலகைத் தளமிடுக. ஆட்டுப்பட்டியின் அலம்பல் வேலி அடியிற் சந்தின்றி நெருக்கமாக இருத்தல் வேண்டும். நரி தாவுவதிலும் பார்க்க நுழைவதையே விரும்பும். கம்பி வலையாயின் ஓரடி ஆழத்துக்குப் புதைத்தல் நன்று. ஈன்ற ஆட்டையும் குட்டிகளையும் சில வாரங்கள் வீட்டருகே கட்டுக. நச்சுக்கொடி, செத்த கோழி, மீன்கழிவு ஆகியவற்றை வெளியில் எறியாது புதைத்துவிடுக. அவற்றை எறிதல் நரிக்கு விருந்தழைப்பு விடுப்பதாகும்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. விசர்நோய் நரிக்கும் வரும். பட்டப்பகலில் அச்சமின்றி ஊருக்குள் வந்து ஆளையோ மாட்டையோ கடிக்கும் நரி அந்நோயுடையதெனக் கொள்க. கடியுண்ட இடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. கடியுண்ட கால்நடையைத் தனியே கட்டி மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அதன் பாலைக் கறந்து பருகலாகாது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுவித்துக்கொள்க.